செப்டிக் டேங்க் தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டேங்க் பொங்கினால் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவது, லாரி போன பத்தாம் நாள் மறுபடி பொங்கினால் மறுபடி கூப்பிடுவது என்றே நம் கொங்குப் பக்கம் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்குவது டேங்க்தான், ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்குள் இருப்பதில்லை. அதற்கு முன்னால் உள்ள குழாயிலோ, பின்னால், டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியிலோ இருக்கும். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிச்சமாகும். கீழே உள்ளவை எல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள். எளிதில் முடியும் வேலை முதலில், பணம் பிடிக்கும் வேலை கடைசியில்.

மூடியைத் திறக்கும் முன்

டேங்க்குக்குள்ளும் உறிஞ்சு குழிக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்ப்பதும் இறங்குவதற்குச் சமம்தான். உள்ளே உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது இதனால்தான். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் உடனே 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள்.

ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் இதில் வருவார். "பழக்கப்பட்ட ஆள்தான், ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று பாருங்கள். பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கிட்டே வரக் கூடாது; மீத்தேன் பற்றிக்கொள்ளும். டார்ச் லைட் போதும். திறந்த மூடியை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம்.

கையில் வேண்டியவை: ரப்பர் கையுறை, 10 அடி பி.வி.சி. பைப் ஒன்று, பழைய வெள்ளைத் துண்டு, அடைப்பு எடுக்கும் ராடு, 10 லிட்டர் வாளி, கொஞ்சம் கேசரி கலர்.

முதல் பார்வை: நீர்மட்டம் எங்கே நிற்கிறது?

செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். தண்ணீர் வெளியேறும் அவுட்லெட் குழாயின் அடிமட்டம் வரை தண்ணீர் நிற்பதுதான் சரியான நிலை. 6 அடி நீளம், 4 அடி அகலம், நாலரை அடி நீர் ஆழம் உள்ள டேங்க்கில் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். குளியல், துணி துவைக்கும் தண்ணீரும் அதில் சேர்ந்தால் ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 500 லிட்டர் போகும். ஆக, லாரி முழுசாக உறிஞ்சிப்போன டேங்க் ஆறாம் நாள் நிறைந்துதான் தீரும். "ஒரு வாரத்தில் நிறைஞ்சு போச்சு" என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவுட்லெட் பக்கத்து மூடியைத் திறந்து இதைப் பாருங்கள்:

மட்டம் அவுட்லெட் அடியோடு சரியாக நிற்கிறது, ஆனாலும் டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு வீட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவில். முதல் அறிகுறிக்குப் போங்கள்.

மட்டம் அவுட்லெட் குழாய்க்கு மேல் ஏறி நிற்கிறது என்றால் தண்ணீர் வெளியே போக வழியில்லை. இரண்டாம் அறிகுறி.

மட்டம் அவுட்லெட்டுக்கு வெகு கீழே நிற்கிறது, லாரியும் அண்மையில் வரவில்லை என்றால் டேங்க் கசிகிறது. ஐந்தாம் அறிகுறி.

அறிகுறி 1: டாய்லெட்டில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, அல்லது ஏறி வருகிறது

ஒரே ஒரு டாய்லெட்டில் மட்டும் என்றால்

டேங்க்கைத் தொடவே வேண்டாம். அடைப்பு அந்தக் கோப்பையின் வளைவில் இருக்கிறது. நாப்கின், ஷாம்பு பாக்கெட், துடைக்கும் துணி இவைதான் வழக்கமாகச் சிக்குபவை. ரப்பர் பம்பை வைத்து இருபது முறை அழுத்தி இழுத்துவிட்டு, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் அசையவில்லை என்றால் பிளம்பரிடம் விடுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், துணியும் பிளாஸ்டிக்கும் அதில் கரையாது. முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து அதன் மேல் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பி, மூடிய பாத்ரூமில் மூச்சுத் திணறும்.

எல்லா டாய்லெட்டிலும் என்றால்

வீட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள சேம்பர்களை வீட்டுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தண்ணீர் கட்டி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும், அதற்கு அடுத்த காய்ந்த சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. காய்ந்த பக்கமிருந்து ராடு விடுங்கள். நிறைந்த பக்கமிருந்து விட்டால் எங்கே குத்துகிறோம் என்று தெரியாது. அடைப்பை எதிர்த்திசையில் தள்ளுகிறோம் என்றாலும் ராடின் நுனியில் என்ன ஒட்டி வருகிறது என்று பார்க்க இதுவே வசதி. உடைந்தவுடன் தண்ணீர் வேகமாக வரும், ஒதுங்கி நில்லுங்கள்.

நுனியில் தலைமுடி மாதிரி வேர் வந்தால் மரவேர் ஜாயிண்டு வழியே நுழைந்திருக்கிறது. பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) தென்னை, வேம்பு, புங்கன் இருக்கும் வீடுகளில் இது சாதாரணம். வெட்டி எடுத்தாலும் வேர் திரும்ப வரும். அந்த நீளத்தை மட்டும் தோண்டி, பழைய சிமெண்ட் குழாயை எடுத்துவிட்டு, சொல்யூஷன் போட்டு ஒட்டிய 4 இன்ச் பி.வி.சி. குழாய் போடுவதுதான் தீர்வு.

சகதியும் காகிதமும் மட்டும் வந்து, அதே இடம் அடிக்கடி அடைத்தால் குழாய் சரிவு கெட்டிருக்கிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண்ணில் வெயிலுக்கு மண் வெடித்து, மழைக்கு ஊதி, குழாய் நடுவில் தொய்ந்துவிடும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துப் பாருங்கள்: 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் சரிவு வேண்டும். தொய்ந்த இடத்தை எடுத்து, அடியில் அரை அடிக்கு எம்-சாண்ட் பரப்பி மறுபடி போட வேண்டும். கரிசல் மண்ணையே போட்டு மூடினால் அடுத்த கோடைக்கு அதே கதை.

எல்லாச் சேம்பரும் நிறைந்திருக்கிறது, ஆனால் டேங்க் மட்டம் சரியாக இருக்கிறது என்றால் கழிவு உள்ளே வரும் இன்லெட் குழாயின் நுனியில் உள்ள T வடிவ 'டீ' அடைத்திருக்கிறது. தண்ணீர் மேல் பாலாடை மாதிரி மிதக்கும் கழிவு ஆடை கட்டியாகி டீயின் வாயை மூடியிருக்கும். மேலிருந்தே பைப்பால் குத்தி உடைத்துவிடலாம். டீயே இல்லை, வெறும் குழாய் டேங்க்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் கொத்தனார் செய்த குறை அது. டீயின் கீழ்க்கால் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே போக வேண்டும்.

அறிகுறி 2: டேங்க் மூடி வழியே பொங்குகிறது, லாரி வந்து போனாலும் திரும்பத் திரும்ப

அதிகம் வருவதும் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். வரிசையாகப் பாருங்கள்.

தண்ணீர் அதிகமாக வருகிறதா?

ஃபிளஷ் டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரி கலர் போட்டு, இருபது நிமிடம் யாரும் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் கசியும் ஒரு ஃபிளஷ் நாள் முழுக்கச் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் தண்ணீரை உறிஞ்சு குழிக்கு அனுப்பிவிடும். அடுத்து, மொட்டை மாடி மழைக் குழாய், மேல்நிலைத் தொட்டி வழியும் குழாய், ஆர்.ஓ. கழிவுக் குழாய் இவற்றில் எதையாவது செப்டிக் சேம்பரில் சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். மழைக் குழாயைச் சேர்த்த வீட்டில் ஐப்பசி மழைக்கு டேங்க் பொங்குவதைத் தடுக்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்து வெளியே விடுங்கள். செலவு ஒரு பிளம்பர் கூலிதான்.

நோம்பிக்கோ சீருக்கோ ஒரம்பரை வந்து இருபது பேர் தங்கிய நாட்களில் மட்டும் பொங்கி, பிறகு தானாக அடங்கினால் அது பழுதல்ல. உறிஞ்சு குழி விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். கீழே உள்ள சோதனையைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் நிறைந்து, உறிஞ்சு குழி காய்ந்திருக்கிறதா?

இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். டேங்க்கில் மட்டம் ஏறியும் குழியில் இறங்கியும் இருந்தால் அவுட்லெட் டீயோ, இடையே உள்ள குழாயோ அடைத்திருக்கிறது. டீயின் மேல்வாய் வழியே ராடை விட்டால் ஐந்து நிமிட வேலை. இதற்கு லாரி கூப்பிடுவது வீண்.

சேறு ஏறியிருக்கிறதா?

பைப்பின் அடியில் வெள்ளைத் துண்டை மூன்று அடி நீளத்துக்குச் சுற்றிக் கட்டி, மெதுவாகத் தரை தட்டும் வரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்து நேராக எடுத்தால், சேறு நின்ற உயரம் வரை துண்டில் கறுப்பு ஏறியிருக்கும். மேலே மிதக்கும் ஆடையின் தடிமனையும் அதோடு கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரி கூப்பிட வேண்டிய நேரம். நாலரை அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி. அதற்குக் குறைவு என்றால் லாரியால் பயன் இல்லை, அடுத்த சோதனைக்குப் போங்கள். வழக்கமான வீட்டுக்கு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

லாரியை 14420 என்ற எண்ணில் கேட்டுக் கூப்பிடலாம். தெரிந்த ஆளைக் கூப்பிட்டாலும் உள்ளாட்சி உரிமம் உள்ள வண்டியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இரவில் வந்து நொய்யல் ஆற்றிலோ வாய்க்காலிலோ திறந்துவிடும் வண்டிக்குக் காசு கொடுத்தால், கீழே உள்ள ஊரின் கிணற்றில் நம் வீட்டுக் கழிவைக் கலந்ததாக ஆகும்.

லாரி உறிஞ்சும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் போகாமல் குழாயை அடிவரை விட்டுச் சேற்றைக் கலக்கி எடுக்கிறார்களா? டேங்க்கில் இரண்டு அறை இருந்தால் இரண்டையும் எடுக்கிறார்களா? மூன்றாவதுதான் முக்கியம்: டேங்க் மட்டம் அவுட்லெட்டுக்குக் கீழே இறங்கியவுடன் அவுட்லெட் டீ வழியே தண்ணீர் டேங்க்குக்குள் திரும்பி ஓடி வருகிறதா? வந்தால் உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது. வேறு சோதனையே வேண்டாம். டேங்க்கைக் கழுவிப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள். அடியில் ஓரிரு அங்குலம் சேறு இருந்தால் அதில் உள்ள நுண்ணுயிர் மறுபடி சீக்கிரம் பெருகும்.

பிளாஸ்டிக், ஃபைபர் டேங்க் புதைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்திலும் வாய்க்கால் தண்ணீர் ஓடும் காலத்திலும் முழுசாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் அடியிலிருந்து தள்ளி, காலி டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும், இணைத்த குழாயெல்லாம் உடையும். எடுத்தே தீர வேண்டும் என்றால் எடுத்த கையோடு நல்ல தண்ணீர் விட்டு நிரப்புங்கள்.

உறிஞ்சு குழி குடிக்கிறதா?

இரவு பத்து மணிக்குக் குழியின் நீர்மட்டத்தைப் பைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். காலை வரை யாரும் தண்ணீர் விடாமல் மறுபடி பாருங்கள். 4 அடி விட்டக் குழியில் 1 அடி இறங்கினால் சுமார் 350 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று கணக்கு. வீட்டுத் தண்ணீர் எல்லாம் போகும் ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு முழு நாளில் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் அரை அடி இறங்கினால் தப்பித்தீர்கள். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம்தான் என்றால் குழி செத்துவிட்டது.

இங்கே காரணம் மூன்றாகப் பிரியும். தப்பாகப் பிரித்தால் பெரிய செலவு வீணாகும் என்பதால் பொறுமையாகப் பாருங்கள்.

(அ) ஆண்டு முழுவதும் குடிக்கவில்லை, மண் செம்மண்ணோ ஓடைக்கல்லோ. குழியின் சுவரில் வழவழப்பான கறுப்புப் படலம் படிந்து மண்ணின் துளை அடைத்திருக்கிறது. இதற்கு முதல் மருந்து ஓய்வு. குளியல் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் பிரித்துத் தென்னைக்கோ வாழைக்கோ விடுங்கள். குழிக்குப் போகும் தண்ணீர் பாதிக்கு மேல் குறையும். பல வீடுகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் இரண்டாவது குழி போட்டு, நடுவே ஒரு சேம்பர் கட்டி, ஒரு வருஷம் இது, ஒரு வருஷம் அது என்று மாற்றி விடுங்கள். காய்ந்து கிடக்கும் குழியில் அந்தப் படலம் தானாக மக்கிப்போகும். பழைய குழியை இன்னும் ஆழமாக்குவது வேண்டாம். அதற்கு ஆள் இறங்க வேண்டியிருக்கும்.

(ஆ) ஆகஸ்ட் முதல் தை வரை மட்டும் குடிக்கவில்லை, மாசி பங்குனியில் நன்றாக இருக்கிறது. இது நிலத்தடி நீர். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில வாரத்தில் கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் ஆயக்கட்டுக் கிணறுகளில் மட்டம் ஏறும். காளிங்கராயன் வாய்க்கால் கரையோரத்திலும், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் முறை வரும் விவசாயக் காடுகளிலும் அப்படியே. பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். ஆழமாகத் தோண்டுவது இங்கே நேர் எதிரான வைத்தியம், கழிவைக் கிணற்றுக்குக் குழாய் போட்டுக் கொடுப்பது மாதிரி. ஆழத்தை விட்டுவிட்டு அகலத்துக்குப் போங்கள்: ஆழம் குறைந்த உறிஞ்சு வாய்க்கால். ஒன்றரை முதல் 3 அடி ஆழம், 2 அடி அகலம், ஒவ்வொன்றும் 30 மீட்டருக்கு மேற்படாத நீளம், இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி. அடியில் ஒன்றரை இன்ச் ஜல்லி அரை அடிக்குப் பரப்பி, துளையிட்ட 4 இன்ச் குழாயை ஏறக்குறைய மட்டமாக வைத்து, மேலே மீண்டும் ஜல்லி, அதன் மேல் சணல் சாக்கு, பிறகு மண். சாக்கை விட்டுவிட்டால் மண் ஜல்லிக்குள் இறங்கி இரண்டு மழைக்குள் அடைத்துவிடும். நீர்மட்டம் முழங்கால் ஆழத்துக்கே வரும் இடம் என்றால் மண்ணைக் கொட்டி மேடாக்கி அதற்குள் இதைப் போட வேண்டும். அது பொறியாளரைக் கூப்பிட வேண்டிய வேலை.

(இ) அடியில் பாறை, அல்லது கெட்டிக் கரிசல். புதிதாக எதையும் தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். குழி வரப்போகும் ஆழத்தில் ஓர் அடி அகலத்துக்குச் சின்னக் குழி எடுத்து, சுவரைச் சுரண்டிவிட்டு, அடியில் 2 அங்குலம் ஜல்லி போட்டு, ஒரு ராத்திரி தண்ணீர் ஊற வையுங்கள். மறுநாள் 6 அங்குலம் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி தாராளமாக வேலை செய்யும். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணில் எந்தக் குழியும் நிற்காது, ஜல்லி வடிகட்டித் தொட்டிக்குத்தான் போக வேண்டும். டேங்க் தண்ணீர் அடியில் நுழைந்து முக்கால், ஒன்றரை இன்ச் ஜல்லிப் படுகை வழியே மேலேறி வெளிவரும் தொட்டி அது. வெளிவரும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நீங்கியது அல்ல. கல்வாழை, வாழை, தென்னைக்கு மட்டும், அதுவும் மண்ணுக்கடியில் விடுங்கள். கீரைக்கும் தக்காளிக்கும் வேண்டாம்.

பாறையை வெடி வைத்து உடைத்துக் குழி போட்டுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அந்தக் குழி நன்றாகக் குடிக்கும், உண்மைதான். மண்ணில் வடியாமல் பாறை வெடிப்பு வழியே நேராக யாருடைய போர்வெல்லுக்கோ போகிறது, அதனால்தான் அவ்வளவு வேகம்.

புதுக் குழிக்கான அளவு: உள்விட்டம் 3 அடிக்குக் குறையாமல், இன்லெட்டுக்குக் கீழே 1 மீட்டருக்குக் குறையாமல். துளை வைத்த உறை, சுற்றிலும் அரை அடிக்கு ஒன்றரை ஜல்லி. கிணறு, போர்வெல்லுக்கு 60 அடி, வீட்டுச் சுவருக்கு 20 அடி தள்ளி. பழைய குழிக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு குழியின் ஆழத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஈர மண்ணைத்தான் பங்கு போடும்.

அறிகுறி 3: உறிஞ்சு குழிக்குள் கரும் சேறு வருகிறது

குழியில் தண்ணீர்தான் இருக்க வேண்டும். பைப்பில் துண்டைக் கட்டி இறக்கினால் சேறு ஒட்டி வருகிறது என்றால், டேங்க்கில் கழிவு படியவே நேரம் கிடைக்கவில்லை. திருப்பூர், அவிநாசிப் பக்கத்து லைன் வீடுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய டேங்க்கில் இருபத்தைந்து பேர்; எல்லோரும் கம்பெனிக்குக் கிளம்பும் காலை இரண்டு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக வந்து, அடியில் கிடப்பதையும் கிளப்பிக்கொண்டு வெளியேறும்.

முதலில் அவுட்லெட் டீ இருக்கிறதா, உடைந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டீ விழுந்த டேங்க்கில் மேல் ஆடை நேராகக் குழிக்குப் போகும். புது டீ மாட்டுவது சின்னச் செலவு. டீ சரியாக இருந்தால் அளவைக் கணக்குப் பாருங்கள். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக் குறிப்பில் 5 பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். 20 பேருக்கு 2.3 மீட்டர், 1.1 மீட்டர், 1.3 மீட்டர், இது 2 ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுப்பதாக வைத்து. டேங்க் இதைவிடச் சின்னது என்றால் பழைய டேங்க்குக்கு முன்னால் புதிதாக ஒரு பெரிய டேங்க் வைத்து, பழையதை இரண்டாம் அறையாக்கிக்கொள்ளலாம். 2,000 லிட்டருக்கு மேல் போனால் இரண்டு அறை வேண்டும் என்றும், முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு கொள்ள வேண்டும் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குழியை மட்டும் புதுப்பித்துவிட்டு டேங்க்கை அப்படியே விடுவது வீண்வேலை. புதுக் குழியும் ஒரு வருஷத்தில் சேறாகும்.

அறிகுறி 4: நாற்றம், கொசு

பாத்ரூமுக்குள் மட்டும் நாற்றம் என்றால், பயன்படுத்தாத அறையில் தரைத் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. ட்ராப்பே வைக்காமல் கட்டியிருந்தால் தரையை உடைத்து வைப்பதைத் தவிர வழியில்லை.

வெளியே நாற்றம் என்றால் முதலில் மூடியின் விளிம்பைப் பாருங்கள். கெட்டியான சிமெண்ட் கலவை போட்டு இறுக்கிவிடாதீர்கள், அடுத்த முறை திறக்கும்போது ஸ்லாபே உடையும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் எட்டு என்ற மெலிந்த கலவை போதும். பிறகு காற்றுக் குழாய். குறைந்தது 2 இன்ச் குழாய், டேங்க் வீட்டுக்கு 15 மீட்டருக்குள் இருந்தால் மொட்டை மாடி மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே போக வேண்டும். நம் பக்கம் இதில் ஒரு தனி விஷயம் உண்டு. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும். வீட்டுக்கு மேற்கே குட்டையான காற்றுக் குழாய் வைத்த வீடுகளில் அந்த இரண்டு மூன்று மாதமும் நாற்றம் ஜன்னலுக்குள்ளேயே வரும். ஆடியில் மட்டும் நாறினால் டேங்க்கை நோண்ட வேண்டாம், குழாயை உயர்த்துங்கள். குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குளவிக் கூடோ, காய்ந்த இலையோ அடைத்திருப்பதும் தெரிந்துவிடும். டாய்லெட் 'களக் களக்' என்று சத்தம் போட்டாலும் அதேதான்.

கொசுவுக்கு, காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலையை இரட்டையாகக் கட்டுங்கள். இரும்பு வலை அந்த வாயுவில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். டேங்க்குக்குள் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் கொட்டுவதால் கொசு கொஞ்ச நாள் அடங்கும், கழிவைக் கரைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியும் சாணிக் கரைசலும் கெடுதல் இல்லை, ஆனால் அடைத்த குழியை அவை திறக்காது. அதற்குச் செலவழிக்கும் பணத்தை டீ மாற்றச் செலவழியுங்கள்.

அறிகுறி 5: டேங்க் நிறையவே மாட்டேன் என்கிறது, அல்லது கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது

"இருபது வருஷமா லாரியே கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளின் டேங்க்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அடியில் காங்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டிருப்பார்கள், அல்லது சுவர் வெடித்திருக்கும். டேங்க்கை அவுட்லெட் மட்டம் வரை நிரப்பி, ஒரு நாள் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். மூடிய டேங்க்கில் ஆவியாவது கணக்கில் வராது. அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவுதான்.

கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் அன்றே குடிப்பதை நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து ஈ.கோலி (மலத்தில் உள்ள கிருமி), நைட்ரேட் இரண்டையும் கேளுங்கள். குடிநீரில் 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமி கொதிக்க வைத்தால் சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது கசிவு நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலை. கசிந்துகொண்டிருக்கும்போது போட்டால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

கசியும் டேங்க்கை உள்ளே இறங்கிப் பூசித் தருகிறேன் என்று கொத்தனார் சொல்வார். வேண்டாம். காலி செய்து கழுவிய டேங்க்கிலும் சுவர் வெடிப்பிலிருந்தும் உறிஞ்சு குழிக் குழாயிலிருந்தும் வாயு வந்து தங்கும். பழைய டேங்க்கை லாரி வைத்து முழுசாக எடுத்து, சுண்ணாம்பு தூவி, மண்ணும் கல்லும் போட்டு மேல்வரை நிரப்பிவிட்டு, வேறு இடத்தில் அடிக் காங்கிரீட் போட்ட புது டேங்க்கோ, ரெடிமேட் டேங்க்கோ வையுங்கள். செலவு கூடுதல்தான். ஆனால் ஓர் ஆளை உள்ளே அனுப்பி மிச்சப்படுத்தும் பணம் நமக்கு வேண்டாம்.

அறிகுறி 6: ஸ்லாப் தாழ்கிறது, மேல் மண் ஈரமாகவே இருக்கிறது

இதற்குக் காத்திருக்கவே கூடாது. மூடியைத் திறந்து ஸ்லாபின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தாலோ, காங்கிரீட் பொடியாக உதிர்ந்தாலோ வாயு அதை அரித்துவிட்டது. மேலே பூசி மறைத்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும், பலம் வராது. அன்றைக்கே சுற்றிலும் முள்ளோ தடுப்போ வைத்து ஆட்களையும் மாடு கன்றையும் மேலே போகவிடாமல் செய்யுங்கள். காரும் டிராக்டரும் நிறுத்தும் இடத்தில் டேங்க் இருந்தால் வண்டியை உடனே இடம் மாற்றுங்கள். பழைய ஸ்லாபை உடைத்து உள்ளே தள்ளாமல் கிரேன் வைத்துத் தூக்கி, ஐந்து அங்குலத்துக்குக் குறையாத புது ஸ்லாபை வெளியிலேயே வார்த்து இறக்க வேண்டும். கம்பிக் கணக்கைப் பொறியாளரிடம் வாங்குங்கள். இன்லெட்டுக்கு மேல் ஒன்று, அவுட்லெட்டுக்கு மேல் ஒன்று என இரண்டு மூடி விட்டு வாருங்கள். ஒரே மூடி வைத்த ஸ்லாபால் மேலே சொன்ன பாதிச் சோதனைகளைச் செய்யவே முடியாது.